தட்டினால் விட வேண்டும்

போஸ்டர்க்காரி ஒருவன் கையை முறித்துவிட்டாளாம் என்ற பேச்சு, முறிந்த கையின் மாவுக்கட்டு காய்வதற்கு முன்பே தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள் தையல்கடையில் சொன்னாள். தையல்கடையில் கேட்ட ஒருத்தி இஸ்திரிக்கடைக்குப் புடவை கொடுக்க வந்த இடத்தில் சொன்னாள். அவள் தெருவுக்குப் புதிது. இஸ்திரிப்பெட்டியைப் பிடித்திருப்பவள்தான் போஸ்டர்க்காரியின் அம்மா என்று அவளுக்குத் தெரியாது.

"பொம்பளைக்கு எங்கேருந்துதான் அவ்வளவு பலம் வருதோ. மடக்கின மடக்குல முறிஞ்சுடுச்சாம். இத்தனைக்கும் அவனும் நம்ம பக்கத்து ஆளாம்" என்றாள் வந்தவள்.

அம்மா கேட்டுக்கொண்டே யாரோ ஒருவருடைய சட்டைக் காலரைக் கருக்கிவிட்டாள்.

மாலையில் மகள் வீடு திரும்பியபோது அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"முறிச்சியா?"

"இல்ல."

"அப்ப கை தானா முறிஞ்சுச்சா?"

"இல்லம்மா."

"பின்னே யார் முறிச்சா?"

மகள் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மாட்டியதை எடுத்து மறுபடி மாட்டினாள்.

"சொல்ல மாட்டே. சரி. அப்ப நீதான்னு வெச்சுக்கறேன். தெருவும் அப்படித்தான் வெச்சிருக்கு. நானும் மெஜாரிட்டியோட போயிடறேன்."

"விசாரணை நடக்குதும்மா. நான் பேசக் கூடாது."

"ஊரே பேசுது. பேசக் கூடாதவ நீ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

அவர்கள் தெரு இருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் இருப்பவர்களைப் போலீசில் யாரும் சேர்த்ததில்லை. சேரவும் யாருக்கும் தோன்றியதில்லை. எல்லாத் தரப்பிலிருந்தும் ஆள் எடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானபோது, எடுத்த சிலரில் படத்துக்கு லட்சணமாக இருந்தது இவள் முகம். தொப்பியோடு சிரிக்கவைத்து, 'உங்களில் ஒருவர், உங்களுக்காக' என்று கீழே எழுதி, பஸ் நிறுத்தங்களில் எல்லாம் ஒட்டினார்கள். பாலத்தடி நிறுத்தத்தில் இருந்த படத்துக்கு ஒரே வாரத்தில் யாரோ மீசை வரைந்துவிட்டார்கள். ஸ்டேஷனில் அதைப் பார்த்து வந்தவர்கள், "இப்பதான் யூனிஃபார்முக்குப் பொருத்தமா இருக்கு" என்றார்கள். அன்றிலிருந்து ஸ்டேஷனில் அவள் போஸ்டர், தெருவில் போஸ்டர்க்காரி. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சமிருந்தது.

தெருவில் இந்தப் பேச்சு என்றால் ஸ்டேஷனில் இதற்கு நேர் எதிரான பேச்சு. கையும் களவுமாகப் பிடித்தவனைத் தன் ஆள் என்று விட்டுவிட்டாளாம், அவன் பாய்ந்து வந்தானாம், பக்கத்தில் இருந்தவர் தடுத்திருக்காவிட்டால் இன்றைக்கு இவளுக்கே மாலை போட்டிருக்க வேண்டுமாம். ஒயர்லெஸ் அறையில் இருந்தவர் அவளைப் பார்த்துச் சொன்னார்: "ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் கெட்ட பேர் வாங்கறதுக்கு ஒரு திறமை வேணும், போஸ்டர்."

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் அவள் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள். இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்தாள். ரோந்துக்குப் போடும் கையுறையின் ஒட்டுப்பட்டையைப் பிரித்து ஒட்டி, பிரித்து ஒட்டி, அது ஒட்டுவதையே நிறுத்திவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை மதியம், சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் கேஸ் சிலிண்டர் வண்டி ஒன்று வழியை மறித்து நிற்கிறது என்று ஒரு ஹோட்டல்காரர் போன் செய்தார். போஸ்டரும், வண்டியில் எப்போதும் அவளோடு போகும் மூத்த காவலரும் போனார்கள். அவருக்கு ஸ்டேஷனில் குடை என்று பெயர். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் அவர் ரோந்து வண்டியில் ஏறியதில்லை. சிலிண்டர்க்காரன் நிறைந்த சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே ஹோட்டல்காரரோடு உரக்கக் கத்திக்கொண்டிருந்தான்.

அவனை அவளுக்குத் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவனை எல்லோரும் பாதி என்றுதான் கூப்பிடுவார்கள். போலீஸ் பயிற்சிக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்தவன். அவள் சேர்ந்த அதே அணியில் சேர்ந்தவன்.

"கையை வண்டி மேல வை" என்றார் குடை.

"தோள்ல சிலிண்டர் இருக்கு சார். எந்தக் கையை வெக்கட்டும்? இறக்கிட்டு வெக்கறேன், இருங்க."

நியாயமான பதில்தான். ஆனால் 'இருங்க' என்பது சீருடையைப் பார்த்து யாரும் சொல்லும் சொல் அல்ல. குடையின் காது மடல்கள் சிவந்தன. அவள் அந்தக் காதுகளைப் பல தெருக்களில் பார்த்திருக்கிறாள். காது சிவந்தால் அடுத்து விரல் லத்திக்குப் போகும். நான் பிடித்துவிட்டால் அடி விழாது என்று ஒரு கணக்குப் போட்டாள். பாதி சிலிண்டரை இறக்கி நிமிர்வதற்குள் முந்திக்கொண்டு போய் அவன் மணிக்கட்டைப் பற்றி, திருப்பி, குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்தாள். சுத்தமான பிடி. பயிற்சி மாஸ்டர் பார்த்திருந்தால் சபாஷ் போட்டிருப்பார்.

தோள் கொஞ்சம் அதிகமாகவே திரும்பிவிட்டது போலிருக்கிறது. பாதி மறு உள்ளங்கையால் தரையில் இரண்டு முறை தட்டினான்.

அவள் விட்டுவிட்டாள்.

யோசித்து விடவில்லை. கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்ட விரல் யோசித்தா விலகுகிறது? பாதி துள்ளி எழுந்தான், அவள் பக்கம் திரும்பினான், வலது கையை மார்பு உயரத்துக்கு நீட்டினான். குடையின் லத்தி அந்தக் கையின் மேல் இறங்கியது. அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பயிற்சிக் கூடத்தில் ஒரு பெரிய நீல மெத்தை உண்டு. அதன் மேல் இருவர் இருவராக உருள வேண்டும். ஒருவர் பிடிப்பார். வலி பொறுக்காவிட்டால் கீழே கிடப்பவர் மெத்தையைத் தட்டுவார். தட்டினால் அந்த நொடியே விட வேண்டும். விடாதவரை மாஸ்டர் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். விட்டதும் கீழே கிடந்தவர் எழுந்து, திரும்பி, கையை நீட்ட வேண்டும். அடுத்தது உன் முறை என்று அர்த்தம். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மற்றவர் படுப்பார். மாதக்கணக்கில் இதையே செய்து செய்து, தலையைக் கேட்காமல் உடம்பே செய்யப் பழகிவிட்டது.

அவளோடு உருண்டது எப்போதும் பாதிதான். பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆளோடு உருள மற்ற யாரும் முன்வரவில்லை. "அந்தப் பக்கத்து ரெண்டும் ஒண்ணா உருளட்டும், மெத்தை நமக்குச் சுத்தமா இருக்கும்" என்று ஒருவன் சொன்னதற்கு மாஸ்டரும் சிரித்தார். சாப்பாட்டு மேஜையில் இவர்கள் போய் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவன் ஒரு நாள் பெட்டியைக் கட்டிவிட்டான். ஏன் என்று கேட்டவர்களிடம், "சாப்பாடு ஒத்துக்கல" என்றான். சாப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை.

குடை பயிற்சி எடுத்த காலத்தில் மெத்தை இல்லை. மணல் நிரப்பிய சாக்குகளைத் தொங்கவிட்டு அடிக்கச் சொல்வார்களாம். அவரே பெருமையாகச் சொல்வார். சாக்கு தட்டாது. சாக்கு எழுந்து கையை நீட்டாது.

ஆளைப் பொறுத்தவரை குடை கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு இத்தனை குடைச்சல் இருந்திருக்காது. அவள் ஸ்டேஷனில் சேர்ந்தபோது பெண்களுக்கு உடை மாற்ற அறை கிடையாது. பழைய சாமான் போடும் அறையில் மாற்றிக்கொள் என்றார்கள். அதன் கதவோ கண்ணாடி. வேடிக்கை பார்க்கிற மாதிரி இரண்டு மூன்று பேர் அந்தப் பக்கமே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் குடை எழுந்து வந்து, கதவை மறைத்துத் தன் குடையை விரித்துப் பிடித்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு, "இங்க மழை பெய்யுது. யாரும் நிக்காதீங்க, நனைஞ்சிடுவீங்க" என்றார். கதவுக்குத் திரை வரும்வரை தினமும் அப்படியே செய்தார். அதற்காக அவரையும் கொஞ்ச நாள் 'மாமியார்' என்று கூப்பிட்டார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

விசாரணை முடியும்வரை இருவரையும் ஒரே வண்டியில் அனுப்பக் கூடாது. ஆனால் ஆள் பற்றாக்குறை, அனுப்பினார்கள். மூன்று தெரு தாண்டினார்கள். குடை ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, அந்தக் கை எதுக்கு வந்துது?"

"தெரியலண்ணே."

"அடிக்கத்தானே?"

"நான் பார்க்கலண்ணே. குனிஞ்சிருந்தேன்."

"எனக்கு அடிக்க வர்ற மாதிரிதான் பட்டுது. அந்த நேரத்துல சத்தியமா அப்படித்தான் பட்டுது." சிக்னலில் வண்டியை நிறுத்தினார். "இப்ப படுத்தா வேற மாதிரி படுது. விரலெல்லாம் விரிஞ்சிருந்த மாதிரி. அடிக்க வர்றவன் விரலை விரிச்சுக்கிட்டா வருவான்?"

அவள் கண்ணாடியை இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். சிக்னல் மாறியிருந்தது.

"விடு. நீ பார்க்கலேன்னா பார்க்கலதான்" என்றார் குடை.

பொய் சொன்னது இன்ஸ்பெக்டரிடம் என்றால் அன்றைக்கே மறந்திருப்பாள்.

இன்ஸ்பெக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டது அதற்கு அடுத்த நாள். நாற்காலியைக் காட்டினார். அவர் நாற்காலியைக் காட்டினாலே ஏதோ இருக்கிறது என்று பொருள்.

"கை நீண்டுச்சா, இல்லையா?"

"நீண்டுச்சு சார்."

"எதுக்கு நீண்டுச்சுன்னு அவன் மனசுக்குள்ள போய்ப் பார்க்க நீ என்ன ஜோசியக்காரியா?"

"இல்ல சார்."

"அவ்வளவுதான். விசாரணையில இந்த ரெண்டு பதிலும் போதும். ரெண்டும் உண்மை. பொய் சொல்லுன்னு நான் உன்னைக் கேட்டேனா?"

"இல்ல சார்."

"அந்தச் சிலிண்டர்க்காரன் மேல கேஸ் போட்டாச்சு. போலீஸைத் தாக்கினான், உள்ளே போவான். நீ அதிகப்படியா ஏதாவது சொன்னா குடை வேலை போய் வீட்டுக்குப் போவார். ரெண்டுல ஒண்ணு." தேநீர்க் கோப்பையைச் சுழற்றினார். "அப்புறம் இன்னொண்ணு. தெருவுல மாட்டிக்கிட்டு நீ ரேடியோவில உதவின்னு கூப்பிடுவே. வண்டி வரும். வராம இருக்காது. கொஞ்சம் லேட்டா வரும். டிராஃபிக் அப்படி இருக்கு, பார்த்தியா."

அவள் எழுந்து சல்யூட் அடித்தாள். படியில் இறங்கும்போதுதான் கவனித்தாள், நாற்காலியின் நுனியிலேயே இத்தனை நேரம் உட்கார்ந்திருந்ததில் தொடை மரத்துப்போயிருந்தது.

விசாரணைக்கு முன்பு பாதியைச் சந்திக்கக் கூடாது என்பது உத்தரவு. தேடிப் போய்ச் சந்திக்கவில்லை. அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் பாலத்தடி மருந்துக்கடைக்குப் போனால், அவளுக்கு முன்னால் மாவுக்கட்டோடு நின்றிருந்தான். பாக்கெட்டிலிருந்து சீட்டை இடது கையால் எடுக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான். கடையில் இருந்தவர்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அலமாரியில் இருக்கும் சோப்புகளை அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"வா, பாதியில வந்தவன் இங்க, முழுசா முடிச்சவ அங்க" என்றான் பாதி, திரும்பாமலே. "என்ன, மிச்சக் கைக்கும் ஆர்டர் வந்திருக்கா?"

"நான் உன்கூடப் பேசக் கூடாது."

"பேசாதே. நான் பேசறேன். நீ ஏன் விட்டே?"

"நீ தட்டினே."

அவன் இப்போது திரும்பினான். "தட்டினேனா?"

"ரெண்டு தடவை."

"சத்தியமா ஞாபகம் இல்ல." கொஞ்ச நேரம் தன் மாவுக்கட்டைப் பார்த்தான். பிறகு அவனுக்கே எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. "அதான். கையை எதுக்கு நீட்டினேன்னு எனக்கே பிடிபடல. என் பொண்டாட்டி கேக்கறா, வக்கீல் கேக்கறார், கை தானா போச்சுன்னு சொன்னா எவன் நம்புவான்? உன் முறைன்னு நீட்டியிருக்கேன். சந்தையில, சிலிண்டர் பக்கத்துல." சிரிப்பு நின்றது. "இதை நான் போய்ச் சொன்னா, கதை விடறான்னு சொல்வாங்க. நான் பாதியில வந்தவன். அந்த மெத்தையைப் பத்திச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கு?"

"வக்கீல்கிட்ட சொல்லு."

"நீ சொல்லுவியா?"

மருந்துக்கடைக்காரர் அடுத்த ஆள் என்றார். பாதி சீட்டை நீட்டினான். சிலிண்டர் தூக்க முடியாமல் தன் வண்டியை வேறு யாரோ ஓட்டுவதாகக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் மாத்திரை வாங்காமலே வெளியே வந்துவிட்டாள்.

விசாரணை அன்று காலை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. குடைக்கு அன்று விடுப்பு. மறுநாள்தான் அவருடைய முறை. இருந்தாலும் தலைமை அலுவலக வாசலில் வந்து நின்றிருந்தார். தன் குடையை அவளிடம் நீட்டினார்.

"எனக்கு வேணாம்ணே, நாலு எட்டுதான்."

"பிடி. நனைஞ்சு போய் உக்காராதே. பயந்த மாதிரி தெரியும்." கொஞ்சம் தயங்கினார். "சாயங்காலம் கொண்டாந்து குடு." நனைந்துகொண்டே ரோட்டைக் கடந்து போனார்.

விசாரிக்க வந்திருந்த அதிகாரி ஒரு பெண்மணி, அவளைவிடச் சில வருடம்தான் மூத்தவராக இருப்பார். மேஜை மேல் ஒரு ஒலிப்பதிவுக் கருவி மட்டும். அவள் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கதவோரம் வைத்தாள், அது வழுக்கி விழுந்தது, எடுத்து மறுபடி வைத்தாள்.

"பிடியிலிருந்து விடுபட்ட பிறகு அவர் என்ன செய்தார்?"

"எழுந்தார் மேடம். கை நீண்டுச்சு."

"எதுக்கு?"

இதோ வந்துவிட்டது. தெரியாது என்ற சொல் நாக்கின் நுனியிலேயே தயாராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் குடையின் கையில் குடையைக் கொடுத்து, அவர் முகத்தை நேராகப் பார்க்கலாம். மருந்துக்கடைக்கு மட்டும் வேறு தெரு வழியாகப் போக வேண்டியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"காட்டலாமா மேடம்?"

"காட்டுங்க."

குப்புறக் கிடந்தவர் எழுவதுபோல் முழங்காலிலிருந்து எழுந்தாள், திரும்பினாள், விரல்களை விரித்துக் கையை மேஜைக்கு மேலாக நீட்டினாள். அதிகாரியின் வலது கை மேஜையிலிருந்து கொஞ்சம் மேலே எழும்பியது. உடனே அது பேனா மூடியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அவரும் அந்த மெத்தையில் உருண்டவர்தான்.

"இது அடிக்கற கை இல்ல மேடம். உங்களுக்கும் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சது பதிவுல வராது. நீங்க சொல்லுங்க."

"அடுத்தது உன் முறைன்னு சொல்ற கை. அவர் திமிறல. தரையைத் தட்டினார், நான்தான் விட்டேன்."

"தட்டினா விடணும்னு ரோட்டுல விதி இருக்கா?"

"ரோட்டுல இல்ல மேடம். மெத்தையிலதான் இருக்கு."

"அப்ப தப்பு உங்களோடது."

"என்னோடதும்தான்."

"அடிச்சவர்?"

அவள் கதவோரம் இருந்த குடையைப் பார்த்தாள். "அவருக்கு அந்த மெத்தை தெரியாது மேடம். யாரும் அவருக்குச் சொல்லிக் குடுக்கல. அடிக்க வர்றான்னு அவர் நினைச்சது நிஜம். ஆனா அது வெறுங்கை. என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"இது அவருக்கு உதவாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

அதிகாரி ஒலிப்பதிவை நிறுத்தினார். இதையெல்லாம் நாளைக்குக் காலை, அடித்தவரிடம் கேட்கப் போவதாகச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. நல்லது செய்தாய் என்றோ கெடுத்துவிட்டாய் என்றோ யாராவது சொன்னால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வெளியே தூறல் மழையாகியிருந்தது. வண்டியில் குடை கேட்டபோது தெரியாது என்றவள், யாரோ ஒரு அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நாளைக் காலையில் அந்த அறையில் உட்கார்ந்து, வேறு ஒருவர் வாயிலிருந்தா அவர் இதைக் கேட்க வேண்டும்? விரல் விரிந்திருந்த மாதிரி இருக்கிறதே என்று அவராகவே தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த இடத்தில், ஆமாம் அண்ணே என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சாயங்காலம்வரை பொறுக்க முடியாது.

பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கினாள். பின்னால் சுவரில், இங்கேயும் யாரோ வரைந்துவிட்ட மீசையோடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி மழைக்குள்ளேயே போய் நின்றார். அவள் குடையை மடக்கி இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தினாள். போனை எடுத்து, குடை தந்தவரின் எண்ணை அழுத்தினாள்.

மணி போனது. எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருப்பார். அல்லது தூங்கிக்கொண்டிருப்பார். அல்லது இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டு அவரிடம் சொல்லியிருப்பார். தலைமை அலுவலகத்தில் சுவருக்கும் காது உண்டே.

அவள் போக வேண்டிய பஸ் வந்தது. ஏறவில்லை, போகவிட்டாள். குடையின் நுனியிலிருந்து தண்ணீர் அவள் பூட்ஸின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டிய முதல் வார்த்தையை, அண்ணே என்பதை, ஒரு முறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மறுபடி அழுத்திப் போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டே இருந்தது.